இட்லிக் கொப்பரையும் ஏழு கடலும்

பதினோரு மணிக்குக் கமிட்டி கூடும், இப்போது பத்து ஐந்து, ஏழாவது கடல் இன்னும் வேகவில்லை. பொன்னுலிங்கம் குரங்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். தூத்துக்குடியில், பங்குனி வெயிலில், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்குக் குளிர் வேண்டுமாம், ஏசியைப் பதினாறில் வைத்து ரிமோட்டை எவனோ ஒளித்துவிட்டான். கம்ப்யூட்டர் சௌக்கியமாக இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மூக்கு ஒழுகுகிறது. திரையில் ஒரு எண் இறங்கிக்கொண்டிருந்தது. 0.41. 0.39. 0.38. அது 0.001-க்குக் கீழே போனால் கடல் வெந்துவிட்டது என்று அர்த்தம். வெந்துவிட்டது என்பது அவருடைய சொல் அல்ல, சிலுவையின் சொல். வெளியே வராந்தாவில், வந்தவர்கள் உட்காருகிற நாற்காலியில், மடியில் பெரிய இட்லிக் கொப்பரையைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சிலுவை கர்வாலோ, காலையிலிருந்து மூன்று தடவை கதவை ஒருக்களித்துத் தலையை நீட்டி, "என்ன சார், வெந்துட்டா?" என்று கேட்டாயிற்று. முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை, அடுப்பைப் பெரிதாக்க வழி இருக்கிறதா என்று இவரே யோசித்தார். மூன்றாம் தடவை காதில் விழாததுபோலத் திரையையே பார்த்தார். ஒரு கடல் வேக இருபது நிமிடம். இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து தன்னைப் பற்றி யோசிக்கும்படி எந்த மனிதனையும் விட்டுவிடக் கூடாது, அதிலும் ஐம்பத்தொன்பது வயதில் விடவே கூடாது. 0.36. சரசரவென்று அல்லவா இறங்க வேண்டும், இது என்ன படிக்கட்டில் இறங்குகிற கிழவன் மாதிரி ஒவ்வொன்றாக.

சிலுவை ஃபைபர் படகுக்காரர். போன மாசியில், விடிந்தும் விடியாத மூடுபனியில், ஒரு கப்பல் அவர் படகை நோக்கி நேராக வந்ததாம். மூன்று தென்னை உயரக் கப்பல். ஃபைபர் படகு ராடாருக்குத் தெரியாது, ஆவி மாதிரி. அலை உள்ளே போகும், அந்தப் பக்கம் வெளியே போகும், திரும்பி வந்து கப்பல்காரனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. படகில் இரும்பு என்று பார்த்தால் நங்கூரம் ஒன்று, அதுவும் தண்ணீருக்குள். அப்போது சிலுவை, படகின் முன்பக்கம், அணியத்தில் கிடந்த இட்லிக் கொப்பரையை மூங்கிலில் கட்டி உயரத் தூக்கிப் பிடித்தாராம். கப்பல் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டதாம். படகில் கொப்பரைக்கு என்ன வேலை என்றால், மனைவியின் அக்காள் வீட்டில் கோயில் அசன விருந்துக்கு இரவல் போன கொப்பரை அது. பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றதால் கடல்வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. இந்தக் கதையை சிலுவை கோயில் பங்குக் கூட்டத்தில் சொன்னபோது கப்பல் திரும்பியதோடு நின்றது. மறுவாரம் மீன் ஏலக்கூடத்தில் சொன்னபோது கேப்டன் சல்யூட் அடித்தார். இங்கே, இந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து டைரக்டரிடம் சொன்னபோது, கப்பலின் மேல்தட்டிலிருந்து ஒருவன் ஆரஞ்சுப் பழம் எறிந்தான், ஒன்று கொப்பரைக்குள்ளேயே விழுந்தது. அந்த ஆரஞ்சு விழுந்த இடத்தில்தான் பொன்னுலிங்கம் சிலுவையை நேசிக்கத் தொடங்கினார். ஆரஞ்சு என்றவன் தொழில் தெரிந்தவன். வெறுமனே பழம் என்று சொல்லியிருந்தால் பொய். ஆரஞ்சு என்றால் கதை. ஆனால் டைரக்டர் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு படகுக்காரர்கள் திங்கள்கிழமையிலிருந்து கொப்பரை கட்டிக்கொண்டு கப்பல் பாதையில் வலை போடத் தயாராக இருக்கிறார்கள், நாற்பத்திரண்டு சமையலறை காலி. "பொன்னுலிங்கம், கணக்குப் போட்டுப் பாருங்க. கொப்பரை ராடார்ல தெரியுமா தெரியாதா. கமிட்டியில வந்து ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை. கதை வேண்டாம்." அந்தக் கடைசி இரண்டு சொல் மூன்று நாளாகச் செருப்புக்குள் கல்லாக உறுத்துகிறது. கதை வேண்டாமாம். ஆமாம் என்று சொல்லி அது தப்பாக இருந்தால், கொப்பரையை நம்பி நாற்பத்திரண்டு பேர் கப்பலுக்கு முன்னால் தைரியமாக உட்கார்ந்திருப்பார்கள். இல்லை என்று சொல்லி அதுவும் தப்பாக இருந்தால், கையில் இருந்த ஒரே கண்ணையும் பிடுங்கியவர் ஆவார். 0.22.

வேலை என்னவோ பார்க்க எளிதுதான். கடலை வெட்ட வேண்டும். நிஜக் கடல் முடிவில்லாமல் கிடக்கிறது, கம்ப்யூட்டருக்கு முடிவில்லாதது ஆகாது. அறுபது மீட்டர் கடல், நடுவில் படகு, படகில் மூங்கில், மூங்கிலில் கொப்பரை, அவ்வளவுதான் உலகம். அந்த உலகத்தை இருபதாயிரம் துண்டாக நறுக்க வேண்டும். ராடார் அலை ஒரு துண்டின்மேல் பட்டதும் அது வாயை மூடிக்கொண்டு இருக்காது, தனக்குக் கிடைத்ததை மற்ற எல்லாத் துண்டுக்கும் சொல்லும்; கேட்டவை மறுபடி எல்லாவற்றுக்கும் சொல்லும். கல்யாண வீட்டில், மாப்பிள்ளைக்கு ஒரு காது மந்தமாம் என்று ஒருத்தி ஆரம்பித்துவிட்டால் பந்தி முடிவதற்குள் அது எங்கெங்கே சுற்றி என்னவாகுமோ, அதுதான் இது. இனி யாரும் புதிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ஆகும்வரை கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றி விசாரிக்கும். விசாரணை முடிந்தால் வெந்தது. இன்னொரு சங்கடம், வெட்டிய ஓரம். அறுபதாவது மீட்டரில் கடல் சடக்கென்று நிற்கும், அங்கே போன அலை, விளிம்பு விளிம்பு என்று கூப்பாடு போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவரும், பார்க்கிறவன் அதைப் படகு என்று நினைத்துக்கொள்வான். அதனால் அலையை ஓரத்துக்குப் போகப் போக மெல்ல மங்க விட வேண்டும். கதைக்கும் அதே விதிதான், ஓரத்தில் மங்க வேண்டும், "அப்புறம் என்ன ஆச்சோ தெரியாது, நான் இறங்கிட்டேன்" என்று முடிக்க வேண்டும். சடக்கென்று முடிந்த கதையில் எல்லாரும் விளிம்பைத்தான் பார்ப்பார்கள். இந்தச் சூட்சுமம் டைரக்டருக்குத் தெரியுமா? கதை வேண்டாமாம்.

அலை எப்படிப் புரள வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. ஏதாவது ஒரு எண்ணை விதையாகக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கடலை உருட்டித் தரும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே கடல், மடிப்புக்கூட மாறாது. ஒரு கடலை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் ஏழு. பக்கத்து மேஜை ஜெசிந்தா மேடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுப்பார், என்ஜினீயர் அல்லவா. பொன்னுலிங்கம் தேதி கொடுப்பார். பிறந்த தேதி ஒரு கடல். வேலையில் சேர்ந்த தேதி ஒரு கடல், அது கொஞ்சம் மந்தமான கடல். அப்பா இறந்த தேதி. பித்தப்பையில் கல் எடுத்த தேதி. ஏழாவதாக, வழக்கம்போல, கல்யாணத் தேதி. எல்லாவற்றுக்கும் ஒரே காற்று, ஒரே கணக்கு, ஒன்று மற்றொன்றைவிடக் கொந்தளிக்க நியாயமே இல்லை. ஆனாலும் கல்யாணத் தேதிக் கடலில் மட்டும் படகுக்கு முன்னால் ஒரு அலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது. பத்து வருடமாகப் பார்க்கிறார், அது நகர்வதில்லை. திலகவதியிடம் ஒருநாள் சொன்னார். "ம்" என்றாள். திலகவதியின் 'ம்' சாதாரண ம் அல்ல. கல்யாணமான மூன்றாம் நாள், மறுவீட்டு விருந்தில், மாமனார் முன்னால் அந்தமான் கப்பல் கதையைச் சொன்னபோதுதான் முதல் 'ம்' வந்தது. கேப்டனுக்கு வயிற்றுப்போக்கு, துணைக் கேப்டனுக்குத் துணை வயிற்றுப்போக்கு, நடுக்கடலில் அரைமணி நேரம் கப்பலை ஓட்டியவர் பொன்னுலிங்கம். மாமனார் அசந்து போய் இன்னொரு அதிரசம் வைத்தார். அன்று ராத்திரி திலகவதி சாந்தமாகச் சொன்னாள், "நீங்க சொல்லுறதுல பாதிய வெட்டி, மிச்சத்துலயும் பாதிய வெட்டிட்டா சரியா இருக்கும்னு நினைக்கேன்." அன்றிலிருந்து கால். எது சொன்னாலும் அவள் காதில் கால்தான் போகும். நூறு பேர் வந்தார்கள் என்றால் இருபத்தைந்து இலை போடுவாள். இருபத்தைந்து பேர்தான் வருவார்கள், அதுதான் கொடுமை. உண்மையில் அந்தமான் கப்பலில் நாலு நாளும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார், துறைமுகத்தில் கட்டிப்போட்ட பிறகு ஒரு மாலுமி இரக்கப்பட்டுச் சக்கரத்தை எட்டு விநாடி தொடவிட்டான். எட்டு விநாடியை அரைமணி ஆக்கியது ஒன்றும் அநியாயம் இல்லை. தொட்டது தொட்டதுதானே.

திரை நின்றது. வெந்துவிட்டது. பத்து இருபத்திரண்டு. பொன்னுலிங்கம் வரைபடத்தைத் திறந்தார், குல்லாவுக்குள் காது சூடாயிற்று. கடலின் முணுமுணுப்பெல்லாம் கீழே புல் மாதிரி படிந்து கிடக்க, நடுவில் கொப்பரை கொடிமரம்போல நிமிர்ந்து நின்றது. ஏழு கடலிலும் ஏழு கொடிமரம். தெரியும், கொப்பரை தெரியும், மூன்று மைல் தள்ளியே தெரியும். சிலுவை சொன்னது நிஜம். பதினோரு மணிக்கு உள்ளே போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குல்லாவைக் கழற்றி, இல்லை குல்லாவோடேயே, ஆமாம் என்று ஒரு வார்த்தை. டைரக்டர் எழுந்து கைகொடுப்பார். பங்குச் சாமியார் ஆசீர்வதிப்பார், சைவப் பிள்ளையாக இருந்தாலென்ன, ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். நாற்பத்திரண்டு படகும் கொப்பரை கட்டிப் புறப்படும்போது கரையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். இதைத் திலகவதி கால் ஆக்கினாலும் நாற்காலியில் ஒரு கால் மிஞ்சும். வரைபடத்துக்கு அடியில் ஒரு வரி இருந்தது. இருபது வருடத்துக்கு முன் அவரே எழுதிவைத்த வரி, கணக்கு முடிந்ததும் தானாக வந்து விழும்: நூறு பங்கு அலை உள்ளே போனது, இத்தனை பங்கு திரும்பி வந்தது. அதை அவர் பார்ப்பதில்லை. சாப்பிட்ட பிறகு இலைக்கு அடியில் யார் பார்க்கிறார்கள். இன்று கண் தானாக வழுக்கி அங்கே போனது. நூற்று ஏழு.

நூற்று ஏழு. அவர் குல்லாவைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். சரி, இருக்கட்டும், ஏழுதானே, கொசுறு. கமிட்டியில் யாருக்கும் இந்த வரி தெரியாது, காட்டப்போவதும் கொடிமரம்தான். மேலே போன ஆறு கடலையும் புரட்டினார்: நூற்று மூன்று, நூற்று ஐந்து, நூற்று இரண்டு, எல்லாம் கொசுறோடுதான் இருந்தன. நூறு கொடுத்தால் நூற்று ஏழு தருகிற கடல். கேட்டதைவிடக் கூடச் சொல்கிற கடல். பொன்னுலிங்கத்துக்குள் ஏதோ ஒன்று, விஞ்ஞானி அல்ல, அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அந்த மறுவீட்டு விருந்தில் அதிரசம் தின்ற ஆள், முழங்கையால் இடித்தான். அண்ணாச்சி, இது நம்ம ஆளு. இந்தக் கடல் கதை விடுது. இவனுக்கு இவன் வாசனை தெரியாதா. இல்லாத ஆரஞ்சை எவன் எறிந்தாலும் பிடித்துவிடுகிற கை இது. எங்கிருந்து வந்தது அந்த ஏழு? தண்ணீர் கொஞ்சம் அலையைக் குடிக்கத்தான் செய்யும், துப்பாது. பார்க்காமல் விட்டுவிட்டால் என்ன? பார்த்தாயிற்றே. பார்க்காததுபோல இருக்கலாமே. இருக்கலாம், திங்கள்கிழமை மூடுபனியில் நாற்பத்திரண்டு பேரும் இருப்பார்கள். பக்கத்து மேஜையில் ஜெசிந்தா மேடம் அரைமணி நேரமாகப் போனில் தையல்காரரோடு மன்றாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் விழுந்தது. "மாஸ்டர், உலகத்துல ரவிக்கைன்னா ஒரு பக்கம் கொக்கி, ஒரு பக்கம் வளையம். நீங்க ரெண்டு பக்கமும் கொக்கி வச்சிருக்கீங்க. என்னது, நல்ல கொக்கியா? கொக்கி நல்ல கொக்கிதான் மாஸ்டர், நான் குறை சொல்லல. இந்தப் பாதிய நீங்க தச்சீங்களா, அந்தப் பாதிய உங்க மச்சானா? ரெண்டு பேரும் நல்லாத்தான் தச்சிருக்கீங்க. சேர்த்தாத்தான் மாட்ட முடியல." பொன்னுலிங்கத்தின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. இந்தப் பாதி நீங்கள், அந்தப் பாதி மச்சான். கொப்பரையும் படகும் அவர் எழுதியது. கடல் ஜெசிந்தா மேடம் எழுதியது, வேறு ஏதோ வேலைக்காகப் பன்னிரண்டு வருடம் முன்னால். அதை எடுத்து மூன்று நாள் முன்னால் இதோடு தைத்தது அவர்.

"ஜெசிந்தா மேடம், உங்க கடல்ல நேரத்தைக் கூட்டல் போட்டு எழுதினீங்களா, கழித்தல் போட்டா?" "கூட்டல் சார். நான் என்ஜினீயர், வேற எப்படி எழுதுவேன்?" "நான் கழித்தல்." ஜெசிந்தா மேடம் எட்டி அவருடைய திரையைப் பார்த்தார். பிறகு போனில், "மாஸ்டர், நான் அப்புறம் கூப்பிடுதேன், இங்கயும் ரெண்டு பக்கமும் கொக்கி" என்று வைத்துவிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஓடுகிற நேரத்தை இயற்பியல் படித்தவர்கள் கழித்தல் குறியோடு எழுதுவார்கள், என்ஜினீயர்கள் கூட்டல் குறியோடு. இரண்டும் சரி, இரண்டிலும் விடை ஒன்றே, அவரவர் வீட்டில் அவரவர் சமையல். ஒட்டுப்போட்டால்தான் வினை: அவர் வீட்டில் குடிக்கிறது என்று எழுதினால் இவர் வீட்டில் அது கொடுக்கிறது என்று அர்த்தம். அலையைக் குடிக்க வேண்டிய கடல், தாராள மனசோடு, வந்த ராடாரைக் கொழுக்க வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கொடிமரம் கொப்பரையினுடையது அல்ல, கடலின் தானம். "எவ்வளவு வந்துச்சு சார்?" "நூத்தி ஏழு." "ஏழு கடலுமா? உங்க கூட மூணு நாள் இருந்ததுல கடலும் கெட்டுப்போச்சு" என்றார் ஜெசிந்தா மேடம், கோபமே இல்லாமல். ஒரே ஒரு குறி. பொன்னுலிங்கம் அதை மாற்றி எழுதினார். பத்து முப்பத்திரண்டு. பதினோரு மணிக்குள் ஒரு கடலுக்குத்தான் நேரம் இருக்கிறது. எந்தக் கடல்? கையே கல்யாணத் தேதியைத் தட்டியது. பொய் சொல்லாத ஒரே கடல் அது என்று எங்கோ ஒரு நம்பிக்கை, அல்லது பயம். 0.97. 0.93.

கதவு ஒருக்களித்தது. "வெந்துட்டா சார்?" "ஒண்ணு கருகிப் போச்சு வே. வேற வச்சிருக்கேன்." "மாவு புளிச்சிருக்கும்" என்று சிலுவை அனுதாபத்தோடு சொன்னார். போகாமல் நின்றார். "சார், ஒண்ணு கேக்கணும். தெரியலன்னு வந்துட்டா என்ன ஆகும்?" "தெரியலன்னு சொல்லணும்." "அப்ப கப்பல் ஏன் திரும்பிச்சு?" "அதுவாத் திரும்பியிருக்கும்." சிலுவை கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. ஏலக்கூடத்துல என்னைக் கண்டா ஆரஞ்சுப் பழம் வாங்கலியான்னு கேக்கானுவ. எம் பெஞ்சாதியே கேக்கா. நீரு ஒரு வார்த்தை சொன்னா வாய மூடுவானுவ. ஆனா ஒண்ணு சார், தெரியலன்னா தெரியலன்னு சொல்லிரும். எம் மவன் படகும் அந்த நாப்பத்திரண்டுல ஒண்ணு." கதவு மூடிக்கொண்டது. பொன்னுலிங்கம் மூக்கைத் துடைத்தார். பெஞ்சாதியே கேட்கிறாளாம். அவளும் கால் கணக்குக்காரிதான் போலிருக்கிறது. இந்தக் கடற்கரையில் எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள், ஆளுக்கொரு கத்தியோடு, புருஷன் வாயிலிருந்து விழுவதில் முக்காலை வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிய முக்காலெல்லாம் எங்கே போகிறது? மீனுக்கா? 0.31. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிஜக் கடல் இட்லித் துணி விரித்தமாதிரி அசையாமல் கிடந்தது. அதற்கு விதையும் இல்லை, தேதியும் இல்லை. 0.09. இந்தக் கணக்கு எதிலும் மகன் என்று ஒரு துண்டு இல்லை. நாற்பத்திரண்டு என்றால் எண். ஒன்று என்றால் பேர் கேட்கத் தோன்றுகிறது. கேட்காததே நல்லது. 0.004. கேட்டிருக்கலாம்.

பத்து ஐம்பது. நூற்றுக்கு எழுபத்தொன்று. கடல் நியாயமாகக் குடித்துவிட்டு நியாயமாகத் திருப்பியிருந்தது. கொடிமரத்தைக் காணவில்லை. எங்கே கொப்பரை, எங்கே கொப்பரை என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேடினால், அந்த இடுப்பில் கை வைத்த அலைக்குப் பின்னால், புல்லோடு புல்லாக ஒரு மயிரிழை. அதுவும் அவருடைய ஆசையாக இருக்கலாம். வளைந்த பாத்திரம் அப்படித்தான், வருகிற அலையை நாலாபுறமும் வாரி இறைத்துவிடும், வந்த திசைக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்லக் கம்ப்யூட்டரே வேண்டாம், கல்லூரி இரண்டாம் வருடத்துப் பையன் சொல்வான். சரி, முடிந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை. சிலுவை ஆயுள் முழுக்க ஆரஞ்சுக்காரர். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாரே, வியாழக்கிழமை, கொப்பரையை இதே மேஜையில் வைத்து, மூடியை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது, அப்படியே கட்டோடு, விட்டம், உயரம், கைப்பிடி, பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக. தூக்கி வைக்கும்போது கனமாகத்தான் இருந்தது. கனமாக, ஆனால் அமைதியாக. அமைதியாக என்றால்? வீட்டில் திலகவதி காலையில் கொப்பரையை எடுத்தால் தெருவே எழுந்துகொள்ளும், உள்ளே தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று, இருபது வருடமாக அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் பொழுது விடிகிறது, ஒரு துணியைச் சுற்றி எடேன் என்றால் 'ம்' என்பாள். இட்லிக் கொப்பரை என்றால் கடகடக்க வேண்டும். சிலுவையின் கொப்பரை கடகடக்கவில்லை. கனம் இருந்தது, சத்தம் இல்லை. ஏன் சத்தம் இல்லை? பொன்னுலிங்கம் எழுந்த வேகத்தில் நாற்காலி தனியே உருண்டு போய் ஜெசிந்தா மேடத்தின் மேஜையில் முட்டியது.

"வே, சிலுவை, மூடியைத் திறயும்." "உள்ள ஒண்ணும் இல்லியே சார், தட்டுதான்." "திறயும் வே. கப்பல் வந்தப்ப மூடி இருந்துச்சா?" "மூடியா? தூக்கின வேகத்துல கொப்பரை கப்பல் பக்கமாச் சாஞ்சு, மூடி அப்பவே கடல்ல போயிட்டே. இது பெஞ்சாதிக்கு அக்கா, மதினி வீட்டு மூடி, அளவு பத்தாது, அதான் கட்டி வச்சிருக்கு." மூன்று நாளாக, பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக, அவர் மதினி வீட்டு மூடியை அளந்திருக்கிறார். கயிறு அவிழ்ந்தது. உள்ளே, துணி விரித்து ஊற்றுகிற பழையகாலத்துத் தட்டு, குழி இல்லாதது, தட்டையானது, மிளகு மிளகாக ஓட்டை போட்டது. ஒரு தட்டு முழுசாக, படுத்திருக்கவில்லை, சுவர் மாதிரி நின்றது. இன்னொரு தட்டு இரண்டாக உடைந்தது. ஒரு பாதி அந்தச் சுவரின் இந்தப் பக்கம், மறு பாதி அந்தப் பக்கம், குறுக்காக நெருக்கிச் சொருகியிருந்தது. "மதினி வேலை சார். வழியில உருண்டு சத்தம் போடக் கூடாதுன்னு அடைச்சு வச்சா. எடுக்கவே வர மாட்டேங்கி, எம் பெஞ்சாதி அதுல அப்புறம் இட்லியே ஊத்தல." பொன்னுலிங்கம் குனிந்து பார்த்தார். நிற்கிற சுவர் ஒன்று, குறுக்குச் சுவர் ஒன்று, அடியில் கொப்பரையின் தட்டையான வயிறு. மூன்றும் ஒன்றுக்கொன்று நேர்குத்து. அறையின் மூலை. எந்தப் பக்கத்திலிருந்து பந்தை எறிந்தாலும் மூன்று சுவரிலும் தட்டி எறிந்தவன் கைக்கே திரும்புகிற மூலை, ஒன்றல்ல, நாலு மூலை; மிளகளவு ஓட்டை ராடாரின் மூன்று சென்டிமீட்டர் அலையின் கண்ணில் படவே படாது. சின்னப் படகும் ராடாரில் தெரியட்டும் என்று ஃபேக்டரிகளில் அச்சு வார்த்துச் செய்கிறதை ஒரு மதினி சத்தத்துக்குப் பயந்து செய்து வைத்திருக்கிறாள். அவர் கையை உள்ளே விட்டு, தட்டு ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை. அடியில், மூலையில், காய்ந்து சுருண்ட ஏதோ ஒன்று விரலில் பட்டது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார், மூக்கு அடைத்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை; நிறம்தான் தெரிந்தது. சிலுவை மூடியைக் கட்டுகிற மும்முரத்தில் இருந்தார், பார்க்கவில்லை. பொன்னுலிங்கம் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மணி பதினொன்று.

கமிட்டி அறையில் ஏசி இல்லை, குல்லா வேர்த்தது. நீள மேஜையைச் சுற்றி ஏழெட்டு பேர், கடைசியில் கொப்பரையோடு சிலுவை. "என்ன பொன்னுலிங்கம், ஆமாவா இல்லையா?" என்றார் டைரக்டர். நாக்கின் நுனியில் ஆமாம் தயாராக வந்து நின்றது. பின்னாலேயே மூலை, மதினி, நாலு திசை, மூன்று மைல், கேப்டன் எல்லாம் வரிசை கட்டி நின்றன, ஜன்மத்தில் இவ்வளவு நல்ல கதை அவருக்குக் கிடைத்ததில்லை, அதுவும் அநேகமாக நிஜமான கதை. அநேகமாக. அந்த அநேகமாக என்பதற்குள் ஒரு மகன் படகு ஓட்டிக்கொண்டு போனான். "இன்னும் வேகல சார்" என்றார் பொன்னுலிங்கம். யாரோ சிரித்தார்கள். "மூடின கொப்பரைக்குக் கணக்குப் போட்டேன். மூடினது தெரியாது, அது நிச்சயம். கடல்ல நின்னது திறந்த கொப்பரை, உள்ள தட்டு குறுக்க நிக்கி, அதை நான் திறந்து பாக்கல, தப்பு என்னுது. அது தெரியலாம். தெரியலாம்தான். இன்னொரு ஈடு வைக்கணும், ஏழு கடலுக்கும். புதன்கிழமை சொல்லுதேன். திங்கக்கிழமை இத நம்பி ஒருத்தரும் போக வேண்டாம்." டைரக்டர் பேனாவை மூடாமல் காத்திருந்தார், மேஜையைச் சுற்றி எல்லாரும் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள், முப்பது வருடப் பழக்கம். வரவில்லை. "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான் சார்." மேஜைக் கடைசியிலிருந்து சிலுவை மெல்ல, "ஆரஞ்சுப் பழத்தைச் சொல்லலியே சார்" என்றார். மறுபடி சிரிப்பு. "அது என் கணக்குல வராது வே" என்றார் பொன்னுலிங்கம், கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி. காய்ந்த ஓரம் விரலைக் குத்தியது. அசனப் பந்தியில் எவனாவது தின்று போட்டதாகவும் இருக்கலாம், இருக்கலாம்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் திலகவதியிடம் சொல்ல வேண்டும், இதை மட்டும் ஒரு நூல்கூடக் கூட்டாமல் சொல்ல வேண்டும். ஆனால் கொப்பரைக்குள் ஒரு ஆரஞ்சுத் தோல் கிடந்தது என்றால் அவள் கையில் கால் தோல்தான் மிஞ்சும். அதனால் நாலு தோல் கிடந்தது என்று சொல்லிவிட வேண்டும். அவள் வெட்டுகிறதை வெட்டிக்கொள்ளட்டும், விடை சரியாக ஒன்று வரும்.